பூரிக்குச் சென்றும் பூரி உண்ணாதோர்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இம்மேடையில் ஆண்டுதோறும் புலவர் பெருமக்கள் இலக்கியம் பேசுவர். சரக்குச் சீட்டுகளோடும் பதிவேடுகளோடும் நாளைக் கழிக்கும் எங்களைப் போன்ற ரயில்வே எழுத்தர்கள் கீழே அமர்ந்து கேட்டு மகிழ்வது வழக்கம். இவ்வாண்டு நம் செயலாளர் அவர்கள் அவ்வழக்கத்தை மாற்றி, "நீங்கள் குடும்பத்தோடு பூரிக்குப் போய் வந்த கதையைச் சொல்லுங்கள், காலனியில் உள்ள பல வீடுகளுக்குப் பயன்படும்" என்று பணித்துவிட்டார்கள். பயணக் கதை என்று எண்ணி அமர்ந்திருப்போர் பொறுத்தருள வேண்டும். இது ரயிலில் தொடங்கினாலும் சோற்றில் முடியும் கதை.

பூரி என்றவுடன் சிறுவர்கள் சிலர் சிரிப்பது தெரிகிறது. ஆம், குழந்தைகளே! நாங்கள் ஆறு நாள் பூரி நகரில் தங்கியிருந்தும் ஒரு பூரியும் உண்ணாமல் திரும்பியவர்கள். அதன் காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறோம்.

எங்கள் இளைய மகளுக்கு 2019-ஆம் ஆண்டில், அவளுக்கு ஏழு வயது நிரம்பியிருந்தபோது, சீலியாக் என்னும் நோய் இருப்பதை மருத்துவர் கண்டறிந்தார். அதற்கு முன் இரண்டு ஆண்டுகள் நாங்கள் பட்ட பாடு கொஞ்சமன்று. வயிறு உப்பியிருக்கும், அடிக்கடி பேதியாகும், முகம் வெளிறிக் கிடக்கும், வகுப்பில் எல்லோரிலும் குட்டையாக முதல் வரிசையில் நிற்பாள். வயிற்றில் பூச்சி என்றனர் சிலர். கண்ணேறு என்றனர் சிலர். பூச்சி மருந்தும் கொடுத்தோம். உப்பும் மிளகாயும் சுற்றியும் போட்டோம். இரும்புச்சத்து மருந்து புட்டி புட்டியாகச் சென்றதேயன்றி இரத்தம் ஊறவில்லை. குழந்தை தேற வேண்டும் என்று நாள்தோறும் இரண்டு வேளை சப்பாத்தி கொடுத்தோம். எது அவளை வாட்டியதோ அதையே மருந்தென்று எண்ணி எங்கள் கையாலேயே ஊட்டிக்கொண்டிருந்தோம்.

கோதுமையிலும் பார்லியிலும் ரை என்னும் தானியத்திலும் குளூட்டன் என்று ஒரு புரதம் உண்டு. சப்பாத்தி மாவு பிசையும்போது இழுத்தால் இழுபடுவதும், பரோட்டா மாவு வீசினால் கிழியாமல் விரிவதும் அதன் செயலே. நம் சிறுகுடலின் உட்சுவரில் விரல் நுனிகளைப் போன்ற நுண்ணிய உறிஞ்சிகள் நெருக்கமாக அமைந்துள்ளன. உணவின் சத்தை உடலுக்குள் இழுப்பவை அவை. சீலியாக் நோயுள்ளவர் குளூட்டனை உண்டால், உடலின் காவற்படையே அவ்வுறிஞ்சிகளைப் பகையெனக் கருதித் தாக்குகிறது. உறிஞ்சிகள் தேய்ந்து மழுங்கியபின் எவ்வளவு உண்டாலும் உடலில் ஒட்டுவதில்லை. இந்நோய்க்கு மாத்திரையில்லை, ஊசியில்லை. வாழ்நாள் முழுதும் அத்தானியங்களை விலக்குவதொன்றே மருத்துவம்.

கோதுமைக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை நிலைநாட்டியவர் வில்லெம் டிக்கே என்னும் நெதர்லாந்து நாட்டுக் குழந்தை மருத்துவர். இரண்டாம் உலகப் போருக்கு முன்னரே அவருக்கு ரொட்டியின்மீது ஐயம் இருந்தது. 1944-ஆம் ஆண்டு இறுதியில் தொடங்கி 1945-ஆம் ஆண்டு வரை நீண்ட கொடும் பஞ்சத்தில் அந்நாட்டு மக்கள் ரொட்டியின்றி வாடினர். ஊரெல்லாம் மெலிந்த அக்காலத்திலும், இந்நோயுற்ற குழந்தைகளின் நோய் குறைந்திருந்தது. ரொட்டி மீண்டும் கிடைத்தவுடன் நோயும் மீண்டது. பின்னர் முறைப்படி ஆராய்ந்து 1950-ஆம் ஆண்டில் தம் முடிவுகளை ஆய்வேடாக வெளியிட்டார். பஞ்சமும் ஒரு பாடம் புகட்டிச் சென்றது.

இங்குக் கூடியிருக்கும் நமக்கு இதில் நேரான தொடர்பு ஒன்று உண்டு. நம் நாட்டின் வடபகுதி, வடகிழக்கு, தென்பகுதி ஆகிய மூன்றிலும் 23,331 பேரைப் பரிசோதித்து 2016-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு வெளிவந்தது. வடக்கே நூற்றுக்கு 1.23 பேரின் இரத்தத்தில் இந்நோயைச் சுட்டும் எதிர்ப்பொருள் காணப்பட்டது. தெற்கே நூற்றுக்கு 0.10 பேரிடமே அது காணப்பட்டது. பன்னிரண்டு மடங்கு வேறுபாடு! ஆனால் இந்நோய்க்கு இடங்கொடுக்கும் மரபுக்கூறு இரு பகுதி மக்களிடமும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் காணப்பட்டது. வேறுபட்டது தட்டில் விழும் கோதுமையின் அளவே. வடக்கே நாளொன்றுக்குச் சராசரி 455 கிராம். தெற்கே 25 கிராம்.

அன்பர்களே, இதன் பொருளைச் சற்று எண்ணிப் பாருங்கள். நாம் வேலை நிமித்தம் வடக்கே குடியேறியபோது மொழியைக் கொண்டுவந்தோம், கோலத்தைக் கொண்டுவந்தோம், பொங்கற்பானையைக் கொண்டுவந்தோம். சோற்றை மட்டும் பாதி வழியில் விட்டுவிட்டோம். காலையில் ரொட்டித் துண்டு, பள்ளிக்குப் பராத்தா, இரவில் சப்பாத்தி என்பதே நம் குழந்தைகளின் உணவு. ஊரில் இருந்திருந்தால் வெளிப்படாமலே கிடந்திருக்கக்கூடிய நோய் இங்கே வெளிப்பட இடமுண்டு. 'இது வடக்கத்தியார் நோய்; நமக்கு வராது' என்று எவரும் வாளாவிருத்தல் ஆகாது. காரணமறியாத இரத்தச்சோகையோ, வளர்ச்சிக் குறைவோ, ஓயாத வயிற்றுக் கோளாறோ குழந்தைக்கு இருப்பின், மருத்துவரிடம் இந்நோயின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். ஒன்று நினைவிருக்கட்டும்: பரிசோதனைக்கு முன் கோதுமையை நிறுத்திவிடக் கூடாது, நிறுத்தினால் இரத்தப் பரிசோதனையில் உண்மை மறைந்துவிடும்.

இனிப் பயணத்திற்கு வருவோம். எழுபத்திரண்டு வயதான எங்கள் தாயார்க்குப் பூரி ஜெகந்நாதரைத் தரிசிக்க வேண்டும் என்பது நெடுநாள் ஆவல். மகளுக்கோ கடல் பார்க்க ஆவல். 2023-ஆம் ஆண்டு டிசம்பரில் விடுப்பும் கிடைத்தது. அங்குள்ள ரயில்வே விடுதியில் ஓர் அறையும் கிடைத்தது. ஜான்சியில் உத்கல் விரைவு வண்டியில் ஏறினோம். இரண்டு இரவுகள் கழியும் பயணம் அது.

வண்டியில் வரும் உணவில் அவளுக்கு ஆகாதவையே மிகுதி. ரொட்டி ஆகாது; கட்லெட்டின்மேல் ரொட்டித்தூள்; சமோசா மைதா; பிஸ்கட்டும் மைதா. ஆதலால் எங்கள் வீட்டம்மையார் முதல் நாளுக்கு இட்லியும் எண்ணெயில் குழைத்த மிளகாய்ப் பொடியும், புளியோதரையும் கட்டிக்கொண்டார். அடுத்த நாளுக்கு அவல், பொரி, வெல்லம், வாழைப்பழம், வறுத்த நிலக்கடலை. தட்டும் தம்ளரும் கரண்டியும் தனித்துணியில் முடிந்து வைக்கப்பட்டன. அவள் பங்கை முதலில் எடுத்து வைத்துவிட்டுத்தான் மற்ற மூட்டைகளைப் பிரிப்பது எங்கள் குடும்ப விதி. சப்பாத்தி தொட்ட கை அவள் இலையில் படலாகாது.

இன்னொரு முன்னேற்பாடும் செய்தோம். எங்கள் அலுவலகத்தில் பணிபுரியும் ஒடியா நண்பர் ஒருவர், கெட்டியான அட்டையொன்றில் ஒடியா மொழியில் இவ்வாறு எழுதித் தந்தார்: 'இக்குழந்தைக்குக் கோதுமை நோய் செய்யும். கோதுமை மாவு, மைதா, ரவை, சேமியா, பார்லி ஆகியவை சேர்ந்த எதுவும் ஆகாது. அவற்றைப் பொரித்த எண்ணெயும் ஆகாது. அவற்றைத் தொட்ட கரண்டியும் ஆகாது.' மகள் அதைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாள். பிறர் முன்னிலையில் அதை எடுத்துக் காட்டுவது அவளுக்கு அவ்வளவு உவப்பாக இல்லை. பதினோரு வயதுக் குழந்தைக்கு எல்லோரையும்போல் இருப்பதுதானே ஆசை?

பூரியை அடைந்த முதல் நாள் மாலை, தாயார் கோயிலிலிருந்து திரும்பும்போது கையில் காஜா என்னும் பிரசாதத்தைக் கொண்டுவந்தார். அடுக்கடுக்காய் மடித்து நெய்யிற் பொரித்துச் சர்க்கரைப் பாகில் இட்ட இனிப்பு அது. அடுக்கனைத்தும் மைதா. "கண்ணு, ஒரு துண்டு வாயில் போட்டுக்கொள், பெருமாள் பிரசாதம்" என்று பேத்தியின் முன் நீட்டினார். நாங்கள் தடுத்தோம். "பெருமாள் பிரசாதம் குழந்தைக்குக் கெடுதல் செய்யுமா, அப்பா?" என்று எங்களைப் பார்த்துக் கேட்டார். விடை சொல்ல நா எழவில்லை. ஆகாது என்றால் தெய்வ நிந்தனை போல் ஒலிக்கும். ஆகும் என்றால் குழந்தை துன்புறும். குழந்தையே முடிவு கட்டினாள். "பாட்டி, கண்ணில் மட்டும் ஒற்றிக்கொள்ளட்டுமா?" என்று கேட்டு, அவ்வாறே ஒற்றிவிட்டுத் திருப்பித் தந்து, கை கழுவச் சென்றாள். தாயார் அன்று இரவு எங்களோடு அதிகம் பேசவில்லை.

மறுநாள் காலை கடற்கரையை ஒட்டிய தெருக்களில் நடந்தோம். ஒடிசா அரிசி விளையும் நாடு. அங்குள்ளோர் அரிசியை நம்மைப் போலவே பல வடிவில் உண்கின்றனர். நம் பழைய சோற்றை அவர்கள் பகாள என்கின்றனர். நீரூற்றி வைத்த சோறு, சில வேளை தயிரும் சேரும். நம் பொரி அவர்களுக்கு முடி. நம் அவல் அவர்களுக்குச் சுடா. அரிசியும் உளுந்தும் அரைத்துத் தோசை போல் வார்ப்பதைச் சகுளி என்கின்றனர். ஒரு வீட்டு வாசலில் மூதாட்டி ஒருவர் சகுளி வார்த்துக்கொண்டிருந்தார். மகள் தயங்கித் தயங்கி அட்டையைக் காட்டினாள். அம்மூதாட்டிக்கு எழுத்துத் தெரியவில்லை. பக்கத்துக் கடைச் சிறுவனை அழைத்துப் படிக்கச் சொன்னார். படித்துக் கேட்டதும் மாவுப் பானையை எங்கள் பக்கம் சாய்த்துக் காட்டினார். அரிசியும் உளுந்தும் வைத்திருந்த டப்பாக்களையும் திறந்து காட்டினார். 'வேறொன்றும் வார்ப்பதில்லை' என்று கல்லைத் தொட்டுக் கையசைத்தார். குழந்தை நான்கு சகுளி உண்டாள். அந்நிலையில் எங்களுக்குப் பெருமிதம் பொங்கியது. பிற மொழியினர் ஊரிலும் கேட்டு அறிந்து உண்ணக் கற்றுவிட்டோம் என்று நினைத்தோம். அப்பெருமிதமே அன்றிரவு எங்களைக் குப்புறத் தள்ளியது.

அன்று இரவு கடற்கரைச் சாலையில் ஓர் உணவகத்தில் 'தென்னாட்டு உணவு' என்று பலகை கண்டோம். உணவகத்தின் பெயர் வேண்டா, குற்றம் அவர்களுடையதன்று. உள்ளேயிருந்து சாம்பாரின் மணம் வந்தது. பல நாள் கழித்து நம் வீட்டு மணம்! ஆவி பறக்கும் இட்லி வந்தது. கிண்ணம் நிறையச் சாம்பார் வந்தது. மகள் சட்டைப் பையில் கை வைத்து, "அப்பா, அட்டையைக் காட்டட்டுமா?" என்று கேட்டாள். "நம்ம சாப்பாடுதானே, அம்மா! இட்லிக்கும் சாம்பாருக்கும் அட்டை எதற்கு?" என்றோம். ஆம், அன்பர்களே, நாங்களேதான் சொன்னோம். சகுளி வார்த்த மூதாட்டியிடம் பானையைத் திறந்து பார்த்த நாங்கள், சாம்பாரிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. குழந்தை மகிழ்ந்து இரண்டு கிண்ணம் ஊற்றிக்கொண்டாள்.

நள்ளிரவிற்கு முன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். விடியும்வரை வாந்தியும் வலியும் ஓயவில்லை. உப்பும் சர்க்கரையும் கரைத்த நீரைச் சிறிது சிறிதாகக் கொடுத்தோம். தாயார் அவள் தலையை மடியில் கிடத்தி இரவு முழுதும் வயிற்றை நீவிக்கொண்டேயிருந்தார். கடலின் ஓசை கேட்டுக்கொண்டிருந்தது. எங்களை எவரும் ஒரு சொல்லும் சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் தாங்கியிருப்போம். விடியற்காலையில் குழந்தை, "அப்பா, நம்ம சாப்பாடு என்றுதானே சொன்னீர்கள்?" என்றாள். குறை கூறுவதற்காக அன்று. உண்மையிலேயே விளங்காமல் கேட்டாள்.

பொழுது புலர்ந்ததும் நாங்கள் அவ்வுணவகத்திற்குச் சென்று, சண்டையிடாமல், சாம்பாரில் என்னென்ன சேர்க்கிறீர்கள் என்று கேட்டோம். சமையற்காரர் நல்ல மனிதர்; ஒளிக்காமல் சொன்னார். கூட்டம் மிகுந்த நேரத்தில் சாம்பார் நீர்த்துவிட்டால் கெட்டிப்பட ஒரு கை மைதா கரைத்து விடுவாராம். அத்தோடு பெருங்காய டப்பாவையும் எடுத்துக் காட்டினார். அதன்மேல் சிறிய எழுத்தில் கோதுமை மாவு என்று அச்சிட்டிருந்தது. கலப்பில்லாத பெருங்காயப் பிசின் மிகக் கடுமையானது. ஆதலால் கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் மாவும் கோந்தும் சேர்த்தே செய்கின்றனர். அம்மாவு பெரும்பாலும் கோதுமை மாவு. வீட்டில் நாங்கள் இதை அறிந்து, அரிசி மாவு கலந்த பெருங்காயத்தையே பயன்படுத்தி வருகிறோம். வீட்டில் அறிந்ததை வெளியில் மறந்தோம். அட்டையிலும் பெருங்காயத்தை எழுதச் சொல்லவில்லை. தானியத்தின் பெயர்களை எழுதியவர்கள், தாளிப்பின் பெயரை விட்டுவிட்டோம்.

சரக்கு அலுவலகத்தில் எங்களுக்கு ஒரு பாடம் உண்டு. சீட்டில் எழுதிய பெயர் ஒன்று, மூட்டைக்குள் இருக்கும் பொருள் வேறொன்று என்பது சில வேளை நேரும். ஆதலால் சீட்டை மட்டும் பார்த்துக் கையெழுத்திடுதல் ஆகாது. இத்தனை ஆண்டு அவ்வேலை பார்த்தும், 'சாம்பார்' என்ற சீட்டைப் பார்த்துக் கையெழுத்திட்டுவிட்டோம். 'நம் உணவு' என்பது ஒரு பெயர்ச் சீட்டு மட்டுமே. மூட்டையைப் பிரித்துப் பார்த்தல் நம் கடமை.

விடுதிக் காவலர் எங்கள் வேண்டுகோளின்படி அட்டையின் அடியில் 'ஹெங்கு' என்னும் பெருங்காயத்தின் ஒடியாப் பெயரைச் சேர்த்து எழுதித் தந்தார். இரண்டு நாள் குழந்தைக்கு அறையிலேயே அரிசிக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தோம். மூன்றாம் நாள் அவள் எழுந்து கடலலையில் காலை நனைத்தாள். அன்று நண்பகல் எங்கள் தாயார் நாங்கள் எதிர்பாராததொன்றைச் செய்தார்.

"அந்த அட்டையை இங்கே கொடு, கண்ணு" என்று வாங்கிக்கொண்டு, எங்களைக் கோயிலின் வெளிச்சுற்றில் உள்ள ஆனந்த பஜாருக்கு அழைத்துச் சென்றார். ஜெகந்நாதருக்கும் பின்னர் விமலா தேவிக்கும் படைத்த மகாபிரசாதம் அங்கே விற்கப்படுகிறது. அது விறகடுப்பில் மண்பானைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சமைக்கப்படுகிறது. ஒரு முறை சமைத்த பானையில் மறுமுறை சமைப்பதில்லை. எங்களுக்கு இது பெரிய ஆறுதல். நேற்றைய மாவு இன்றைய பானையில் ஒட்டியிருக்க வழியில்லை அல்லவா?

தாயார்க்கு ஒடியாவும் தெரியாது, இந்தியும் அரைகுறை. விற்பவரிடம் அட்டையை நீட்டினார். பிறகு ஒவ்வொரு பானையாகக் காட்டி, 'இதில் ஹெங்கு உண்டா? அட்டா உண்டா?' என்று தமக்குத் தெரிந்த இரண்டு சொற்களை வைத்துக்கொண்டு கேட்டார். முந்தைய நாள்களில் 'பிரசாதத்தைச் சோதிப்பதா?' என்று வருந்தியவர் அவரே. விற்பவர் முகம் சுளிக்கவில்லை. பருப்பில் உண்டு, காய்கறியில் உண்டு என்று இரண்டு பானைகளைத் தள்ளி வைத்தார். வேறெதுவும் சேராத வெள்ளை அன்னம் இருந்த, யாரும் கை வைக்காத சிறிய பானையொன்றை எடுத்து எங்கள்முன் வைத்தார்.

அங்குச் சாதி வேறுபாடின்றி எல்லோரும் அருகருகே அமர்ந்து உண்பது மரபு. நாங்கள் இலை விரித்து அமர்ந்தோம். எங்களுக்குப் பருப்பும் காய்கறியும் வாங்கலாமே என்றோம். தாயார் மறுத்துவிட்டார். "குழந்தை எதை உண்கிறாளோ அதையே எல்லோரும் உண்போம். வெறுஞ்சோறானால் என்ன? இதுவும் பெருமாள் பிரசாதந்தானே" என்றார். அன்று நாங்கள் ஐவரும் வெறும் அன்னத்தையே உண்டோம். உப்புங்கூட இல்லை. மகள் இருபுறமும் திரும்பிப் பார்த்தாள். எல்லோர் இலையிலும் அதே சோறு. பல மாதங்களுக்குப் பின் அவள் பிறர் இலையை ஏக்கத்தோடு பாராமல் உண்டதை அன்று கண்டோம். தாயார் தம் முந்தானையில் முடிந்து வைத்திருந்த காஜாவை அவிழ்த்துப் பக்கத்தில் அமர்ந்திருந்த வேறொரு குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். எங்கள் கண்கள் கலங்கியதை மறைக்க வேண்டியதாயிற்று.

அன்பர்களே, இப்பயணத்தால் நாங்கள் கற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம்.

வெளியூரில் உணவு கேட்கும்போது, 'இதில் கோதுமை இருக்கிறதா?' என்று கேட்டால் 'இல்லை' என்ற விடையே பெரும்பாலும் வரும். மைதாவும் ரவையும் கோதுமையே என்பது பலர் நினைவுக்கு வருவதில்லை. 'இதை எப்படிச் செய்தீர்கள்? என்னென்ன சேர்த்தீர்கள்?' என்று கேளுங்கள். உண்மை தானாக வெளிவரும். தோசை மாவில் முறுகலுக்காக ரவையோ மைதாவோ கலப்பதுண்டு. ரவா தோசை வார்த்த கல்லிலேயே சாதாத் தோசையும் வார்ப்பதுண்டு. வடை அரிசியும் உளுந்துமாய் இருந்தாலும், சமோசா பொரித்த எண்ணெயில் பொரித்தால் பயனில்லை. மீன் உண்போர் பொரித்த மீனின்மேல் பூசிய மாவு எது என்று கேட்டல் வேண்டும். பால்கட்டியால் செய்யும் இனிப்புகளில் சில கடைகளில் ரவை சேர்ப்பர். குழந்தைகளுக்கு ஊட்டமென்று கொடுக்கும் மால்ட் பானங்கள் பார்லியும் கோதுமையும் கொண்டு செய்யப்படுபவை.

சொற்களிலும் பொறி உண்டு. 'இட்லி ரவை' என்று கடையில் விற்பது அரிசி நொய்; வெறும் 'ரவை' என்பது கோதுமை. வடநாட்டில் 'ஆட்டா' என்று மட்டும் சொன்னால் கோதுமை மாவே. அரிசி மாவு வேண்டின் அரிசியின் பெயரைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பொட்டலத்தில் அடைத்த பொருளாயின் அச்சிட்டதைப் படியுங்கள். குளூட்டன் உள்ள தானியம் சேர்ந்திருந்தால் அதைப் பொட்டலத்தின்மேல் குறிப்பிட வேண்டும் என்பது நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதி. 'குளூட்டன் அற்றது' என்று அச்சிடும் பொருளில் ஒரு கிலோகிராமுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருத்தலாகாது. இருபது மில்லிகிராம் என்பது சில உப்புக் கற்களின் எடை. அளவு எவ்வளவு நுண்ணியது என்பதை இதனால் உணரலாம். 'ஒரு துண்டுதானே, ஒன்றும் செய்யாது' என்று அன்பினால் வற்புறுத்துவோர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

எல்லாவற்றினும் மேலாக ஒன்று உண்டு. கேட்பதில் வெட்கமில்லை. கேட்பதைக் குழந்தையின் தலையில் மட்டும் சுமத்துதலும் முறையன்று. அட்டை அவள் சட்டைப் பையில் இருந்தவரை அது அவளுக்குப் பாரமாயிருந்தது. அவள் பாட்டியின் கைக்கு வந்தபின் குடும்பத்தின் பொருளாயிற்று.

சங்கத்திற்கு ஒரு விண்ணப்பத்தோடு முடிக்கிறோம். நம் காலனியில் இந்நோயுள்ள குழந்தை எங்கள் வீட்டில் மட்டும் இருப்பதாக நாங்கள் எண்ணவில்லை. பொங்கல் விழாவிலும் ஆண்டு விழாவிலும் நாம் கூடி உண்கிறோம். விருந்துப் பந்தியில் இனி ஒவ்வொரு பாத்திரத்தின் முன்னும் அதில் சேர்ந்த பொருள்களை ஒரு சீட்டில் எழுதி வைக்கலாம். சாம்பாருக்கும் இரசத்திற்கும் அரிசி மாவு கலந்த பெருங்காயத்தையே வாங்கலாம். சோற்றுக்கென ஒரு கரண்டியைத் தனியே வைக்கலாம். இதற்கு ஆகும் செலவு மிகச் சிறிது. ஆனால் பந்தியில் ஒரு குழந்தை தன் வீட்டிலிருந்து கொண்டுவந்த டப்பாவைத் திறந்து தனியே உண்பதற்கும், எல்லோரோடும் அமர்ந்து அதே சோற்றை உண்பதற்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரிது. அவ்வேறுபாட்டை ஆனந்த பஜாரில் எங்கள் கண்ணால் கண்டோம்.